கண்ணில்லாத சுவர்

எங்கள் வீட்டில் எந்த மூலையிலும் ஒரு பொருளைப் பொருத்தி வைக்க முடியாது. அலுமாரியை ஒரு சுவரோடு அணைத்துத் தள்ளினால் பக்கத்துச் சுவர் விலகிப் போய்விடும். குறுக்கே வைத்தால் பின்னால் ஒரு முக்கோணம் வெறுமையாகக் கிடக்கும். அந்த முக்கோணத்துக்குள் சீப்பு விழும், தும்புத்தடி விழும், ஒருமுறை பூனை அதற்குள் குட்டி போட்டது. அதற்குள் பாம்பு வரும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசிவரை பாம்பு வரவில்லை. நான் பயந்தவற்றில் முக்கால்வாசி வராமலே போயின. அதுதான் பிறகு எனக்கு வினையானது.

வீட்டுக்கு எட்டுச் சுவர். ஐயா மலாயாவில் ரயில் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறி வந்தவர். அங்கே மலைப்பக்கத்தில் யாரோ ஒரு துரையின் தோட்டத்தில் எட்டுப் பக்கத்தோடு ஒரு வீடு நின்றதாம். மழைக்கு அதன் தாழ்வாரத்தில் ஒதுங்கியபோது, எந்தப் பக்கம் நின்றாலும் காற்று வந்ததாம். அதற்குப் பிறகு அவருக்கு வேறு வீடு மனதில் ஏறவில்லை. தெல்லிப்பழைக்கு வடக்கே, மயிலிட்டிக் கடற்காற்று வந்து சேரும் தோட்டக்காணி ஒன்று எங்களுக்கு இருந்தது. சுற்றவர உள்ளவர்கள் எல்லாரும் நடுவில் முற்றம் விட்டு நாற்சார் வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஐயா அந்தக் காணியின் நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி, வட்டம் போட்டு, வட்டத்தை எட்டாகப் பிரித்தார்.

அத்திவாரம் வெட்டிய வருஷந்தான் நான் பெரியபிள்ளையானேன். பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அம்மாவோடு காணிக் கொட்டிலில் இருந்து அந்த வீடு எழும்புவதைப் பார்ப்பதே எனக்கு வேலையாயிற்று. அதனால் அந்த வீட்டின் எலும்பெல்லாம் எனக்குத் தெரியும். வெள்ளைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். கிழக்கிலும் மேற்கிலும் கதவு. வடக்கிலும் தெற்கிலும் அகலமான யன்னல், அவற்றின் தலைக்கு மேலே கல்லைத் தாங்க நல்ல வேம்பு விட்டம் போட்டது. இடையில் சரிந்து நின்ற மற்ற நாலு சுவர்களிலும் ஒரு ஓட்டைகூட இல்லை. அவற்றை ஐயா கண்ணில்லாத சுவர் என்பார்.

அம்மாவின் தமையன், எங்கள் மாமா, சாத்திரமும் சடங்கும் தெரிந்தவர். ஊரில் நல்லது கெட்டது எதுவும் அவர் பஞ்சாங்கத்தைத் திறக்காமல் நடக்காது. சுவர் இடுப்பளவு வந்தபோது ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்ன மச்சான், தேர்முட்டி கட்டுறியளோ? தேர் எப்ப வருது?"

"தேரிலை நீங்கள்தான் வரவேணும். வடம் பிடிக்க ஆக்களுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்" என்றார் ஐயா.

மாமா சிரிக்கவில்லை. தென்மேற்குப் பக்கமாகப் போய் நின்றார். "உது கன்னி மூலையெல்லோ? மூலை எங்கை? இதிலை சுவர் நிக்குது!"

"மூலை வேறை எட்டு இடத்திலை கிடக்கு. உங்களுக்கு விருப்பமானதை எடுங்கோ."

"பகிடி விடாதேங்கோ. கன்னி மூலை இல்லாத வீட்டிலை கன்னிப்பிள்ளை இருக்கிறாள்."

அது என்னைப் பற்றிய கதை. வீடு எனக்குச் சீதனம் என்று ஐயா முதல்நாளே சொல்லிவிட்டார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூரைக்குக் கொடிகாமத்துப் பக்கமிருந்து வண்டி வண்டியாகப் பனங்கைமரம் வந்தது. எட்டுச் சுவரின் தலையிலும் கிடையாகப் படுத்த எட்டு மரம், எட்டு வளை. ஒவ்வொரு வளையும் அடுத்த வளையோடு மூலையில் ஏறிப் பூட்டி, இரும்பாணி இறுக்கியது. அதிலிருந்து கைமரங்கள் எல்லாப் பக்கமும் மேலேறி ஒரே முகட்டில் கூடின. உச்சியில் ஒரு மண் கும்பம். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் முகடுவரை வெறும் வெளி. குறுக்கே ஒரு தீராந்திகூட இல்லை. மற்ற வீடுகளில் சுவருக்குச் சுவர் கிடக்குமே அந்தத் தடித்த மரம், அது எங்கள் வீட்டில் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான்.

புதுவீடு புகுந்த அன்று, குடிபூரலுக்கு வந்த சனத்துக்கு ஐயா அதை விளங்கப்படுத்தினார். வாயால் சொல்லி அவருக்குத் திருப்தி வரவில்லை. சாப்பிட்டு எழும்பின ஆட்களை முற்றத்துக்கு இழுத்து வட்டமாக நிறுத்தினார். மாமா, மாமாவின் பெடியன்கள், என் அண்ணை, அயலில் இரண்டு பேர். ஒரு ஆள் காணாது என்று என்னையும் இழுத்து அண்ணைக்கும் மாமாவுக்கும் நடுவில் விட்டார்.

"எல்லாரும் கையை இறுக்கிப் பிடியுங்கோ. இனிப் பின்னாலை சாயுங்கோ. பயப்படாமல் சாயுங்கோ."

சாய்ந்தோம். ஒருவரும் விழவில்லை. எட்டுப் பேரும் ஆகாயத்தைப் பார்த்தபடி கயிற்றில் தொங்குவது போல நின்றோம். மாமாவின் கை வியர்த்திருந்தது.

"பாத்தியளே? இதுதான் கூரை. தள்ளுற பாரத்தை வளையள் கை கோத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. தீராந்தி என்னத்துக்கு?" என்றார் ஐயா. பிறகு, அவருக்கே உரிய குறும்பில், மாமாவின் பின்னால் போய் விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டினார்.

மாமா கையை விட்டார். எட்டுப் பேரும் எட்டுத் திக்கிலும் விழுந்தோம். மாமா வேட்டி குலைந்து மண்ணில் இருந்தபடி சிரித்த சிரிப்பு, அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முழங்கை உரிந்து இரத்தம் வந்தது. அழுதுகொண்டு வீட்டை அண்ணாந்து பார்த்தேன். ஒரு கை விட்டால் போதும் என்று மட்டும் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருநாளும் நான் கண்ணை மூடிக் கிடக்கவில்லை என்று சொன்னால் மிகையாக இருக்கும், ஆனால் அப்படித்தான் தோன்றுகிறது. இடி இடித்தால் பயம். கச்சான் காற்று எழும்பினால் பயம். ஓட்டின்மேல் அணில் ஓடினால் ஆணி கழன்றுவிட்டதோ என்று மூலை மூலையாக அண்ணாந்து பார்ப்பேன். கிணற்றுக் கயிறு அறும், விளக்குச் சாயும், ஐயாவுக்கு மாரடைக்கும், அம்மாவைப் பூரான் கடிக்கும். அண்ணை காலையில் பல் தீட்டிக்கொண்டு வரும்போதே கேட்பான்.

"தங்கச்சி, இண்டைக்கு என்ன பயம்?"

நானும் வெட்கமில்லாமல் சொல்லுவேன். என்னிடம் ஒன்று எப்போதும் ஆயத்தமாக இருக்கும். அவன் அதைக் கேட்டு, "சரி, அது நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லிப் போவான். ஒன்றும் பார்க்கமாட்டான். ஆனாலும் அவன் அப்படிச் சொன்னால் மத்தியானம்வரை எனக்குத் தாங்கும்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மாப்பிள்ளையின் தாய் உள்ளே ஒருமுறை சுற்றிவிட்டு, வந்த கதவு எது என்று தெரியாமல் மேற்கு வாசலால் சமைக்கிற குசினிப் பக்கம் இறங்கிவிட்டார். "வாசல் தெரியாத வீட்டிலை என்ரை பிள்ளையை விடமாட்டன்" என்று வண்டியில் ஏறினார். ஐயா அதைப் பெரிய பகிடியாக எல்லாருக்கும் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. நானும் இல்லை.

ஐயா ஒரு புரட்டாதி மாதத்தில் செத்தார். காய்ச்சல் என்று படுத்தவர், நாலைந்து நாளில் ஒரு மத்தியானம், முகட்டைப் பார்த்தபடி. அம்மா ஒரு குரல் வைத்தாள். அயலட்டை ஓடி வந்தது. மாமா வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். சொன்னார்கள். இடுப்பில் இருந்த பஞ்சாங்கத்தை எடுத்து விரலை ஓட்டினார். விரல் நின்றது. பெண்களின் ஒப்பாரியும் அதோடு நின்றுவிட்டது.

அவிட்டத்தின் பின்பாதி. அதிலிருந்து ரேவதி முடியும்வரை பஞ்சமி என்பார்கள். அந்த நாட்களில் உயிர் போனால் அது தனியே போகாது. அந்த வீட்டில் இருந்து வரிசையாக ஆட்களைக் கூப்பிடும். அதற்குப் பரிகாரம் உண்டு. பிணத்தை வாசலால் எடுக்கக் கூடாது. சுவரை உடைத்து, அதனால் எடுத்து, அந்த வழியை அடைத்துவிட வேண்டும். பிறகு வீட்டைப் பூட்டி ஆறு மாதம் ஒருவரும் உள்ளே போகக் கூடாது.

"எந்தச் சுவர்?" என்று யாரோ கேட்டார்.

நாற்சார் வீடென்றால் பின்சுவர் என்று சொல்லிவிடலாம். ஐயா பின்பக்கம் இல்லாத வீடு கட்டியிருந்தார். மாமா தோளில் சால்வையோடு வீட்டைச் சுற்றி நடந்தார். பத்துப் பேர் பின்னால் நடந்தார்கள். அது கோயில் வீதி சுற்றுவது போல இருந்தது. வடகிழக்குச் சுவர் ஈசானம், சாமிப்படம் தொங்குகிறது, தொடக் கூடாது. தென்மேற்கு கன்னி, தொடக் கூடாது. தென்கிழக்கு அக்கினி, அடுப்பின் திக்கு, அந்த வழியால் பிணம் போகக் கூடாது. மிஞ்சியது வடமேற்கு.

"வாயு மூலை. உயிரும் காத்துத்தானே, போகட்டும்" என்றார் மாமா. சுவர் உடைக்கிற அலவாங்கு எடுத்துவர ஆள் போயிற்று.

அப்போதுதான் நான் கதைத்தேன். அழுத வாயோடு, நாலு ஆம்பிளையளுக்கு நடுவில் போய் நின்று கதைத்தேன்.

"மாமா, அந்தச் சுவர்தான் பாரம் தாங்கிறது. அதுக்கு மேலை விட்டமில்லை. யன்னலாலை எடுங்கோ. வடக்கு யன்னல் கம்பியைக் கழட்டிப்போட்டு, கீழைக் கல்லை உடைச்சால் போதும். மேலை விட்டம் கிடக்கு, வளை அசையாது."

மாமா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசம். இரக்கமாகப் பார்த்தார்.

"பிள்ளை, யன்னலாலை போறவன் கள்ளன். உன்ரை கொப்பரைக் கள்ளன் மாதிரியோ அனுப்பப் போறாய்? அதோடை யன்னல் எண்டால் அவருக்குத் தெரிஞ்ச வழி. வழியே இல்லாத இடத்திலை வெட்டினால்தான், அடைச்ச பிறகு திரும்பி வரத் தெரியாது."

"கூரை இறங்கும் மாமா. நீங்களும் கை கோத்து நிண்டனீங்கள்தானே, விழுந்தனீங்கள்தானே!"

"அது மனிசர். இது மரம்."

யாரோ பின்னால் சொன்னார்கள்: "உவள் எதுக்குத்தான் பயப்படேல்லை? அணில் ஓடினாலும் கூரை விழும் எண்டு சொல்லுறவள்."

ஒன்றிரண்டு பேர், செத்தவீடு என்பதையும் மறந்து, சிரித்தார்கள். நான் அண்ணையைப் பார்த்தேன். கொள்ளி வைக்கப் போகிறவன், ஈர வேட்டியோடு நின்றான். அவன் வாயைத் திறந்தான். "அம்மா, ஐயா சொல்லுறவர்..." என்று தொடங்கினான்.

அம்மா எழும்பி வந்தாள். தலை விரித்தபடி வந்து ஒரு கையால் அவனையும் மறு கையால் என்னையும் பிடித்தாள். நகம் பதிந்தது.

"எனக்கு இருக்கிறது நீங்கள் ரண்டு பேருந்தான். வீடு எனக்கு என்னத்துக்கு? எட்டுச் சுவரையும் எண்டாலும் இடிக்கட்டும். அது என்ரை பிள்ளையளைக் கூப்பிடக் கூடாது."

அதற்கு மேல் யார் கதைப்பது? என்னை மறித்தது அம்மாவின் சொல் மட்டும் இல்லை. எனக்கும் பஞ்சமிக்குப் பயம். வீடு விழும் என்று பயந்தவளுக்கு, அண்ணை செத்துப்போவான் என்று பயமில்லாமல் இருக்குமா? அந்த நேரத்தில் எந்தப் பயம் பெரிது என்று என்னால் நிறுக்க முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

அலவாங்கு விழுந்தது. சுண்ணாம்பு நன்றாக இறுகியிருந்தது. ஐயா முட்டைச் சாந்து போட்டுக் கட்டுவித்தவர். உடைத்தவர்கள் மாறி மாறி உடைத்தார்கள். "சீவன் போன பிறகும் மனிசன் விடுறாரில்லை" என்று ஒருவர் மூச்சு வாங்கினார். கடைசியில் குனிந்து போகும் அளவுக்கு வழி வந்தது. பாடை அதனால் வெளியே போயிற்று. எத்தனையோ பேருக்கு அந்த வீட்டைச் சுற்றிக் காட்டிய மனிதர், தான் வைக்காத ஒரு ஓட்டையால், கால் முதலாக வெளியே போனார்.

கூரை விழவில்லை. "பாத்தியோ பிள்ளை? ஒண்டும் நடக்கேல்லை" என்று மாமா போகும்போது சொன்னார். ஓம், ஒன்றும் நடக்கவில்லை. ஆண்கள் சுடலைக்குப் போன பிறகு நான் வடமேற்கில் தனியே நின்றேன். ஒருநாளும் வெளிச்சம் வராத பக்கத்தால் பின்னேர வெயில் உள்ளே போய், நிலத்தில் ஐயா படுத்த பாயில் விழுந்துகொண்டிருந்தது. உடைத்த இடத்துக்கு மேலே, வளைக்குக் கீழே, ஒரு கல் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. முதலே அப்படி இருந்ததோ என்று எனக்கு நிச்சயமில்லை. என் தொல்லை அதுதான். எனக்கு எதுவும் நிச்சயமில்லை.

வழியைக் கல்லால் கட்டி அடைப்போம் என்று கேட்டுப் பார்த்தேன். வீடு பூட்டிக் கிடக்கிற அடைப்புக் காலத்தில் சாந்துக் கரண்டி வைக்கக் கூடாது என்றார்கள். இரண்டு தென்னோலைக் கிடுகைச் சாத்திக் கட்டினார்கள். கதவுகளைப் பூட்டி, வாசலில் ஈச்சமுள் போட்டார்கள். குசினி புறம்பாக நின்ற கட்டடம், வேறு கூரை, அதனால் அதில் இருக்கலாம் என்று மாமா அனுமதித்தார். நாங்கள் மூன்று பேரும் நாலு மூலையுள்ள அந்தக் குசினிக்குள் குடிபோனோம். எங்கள் வீடு பத்து முழம் தள்ளி, முள் போட்டபடி, எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த மாரி நல்ல மாரி. எல்லாரும் குளம் நிரம்பிற்று, கிணறு ஊறிற்று என்று சந்தோஷமாகக் கதைத்த மாரி. கிடுகு நனைந்து தொங்கிப்போயிற்று. உடைத்த வாயால் சாரல் உள்ளே அடித்தது. ஊறிய சுவரில் சுண்ணாம்பு பாலாக வழிவது குசினி யன்னலால் தெரிந்தது.

கிணற்றடியில் ஒரு இடம் உண்டு. துலா மரத்தோடு முதுகைச் சாய்த்து நின்று பார்த்தால், முகட்டுக் கும்பம் வளவுக்குப் பின்னால் நின்ற ஒற்றைப் பனையின் தலையில் ஓலை விரியும் வட்டோடு சரியாகப் பொருந்தும். தண்ணி அள்ளப் போகும்போதெல்லாம் நான் அங்கே நின்று பார்ப்பது வழக்கம், என் பயத்துக்கு ஒரு மருந்து மாதிரி. கார்த்திகையில் ஒருநாள் பார்த்தேன். கும்பத்துக்கு மேலே வட்டு முழுதாகத் தெரிந்தது.

அண்ணை பல் தீட்டிக்கொண்டு வந்தான். ஐயா போன பிறகு நெடுநாள் கேட்காமல் இருந்தவன், அன்றைக்கு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, கேட்டான்.

"இண்டைக்கு என்ன பயம்?"

"முகடு இறங்குது."

"இறங்குதோ?"

"கும்பம் பனைக்குக் கீழை போயிட்டுது. வந்து பார் அண்ணை."

அவன் வந்தான். துலாவோடு சாய்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "பனை வளந்திருக்கும்" என்றான்.

"ரண்டு மாசத்திலை பனை வளருமோ?"

"மழைக்கு எல்லாம் வளரும், விசரி. சரி, அது நான் பாத்துக்கொள்ளுறன்."

இந்த முறை அவன் உண்மையாகவே பார்த்தான். மாமாவிடம் போய், உள்ளே போய் ஒரு முட்டுக்கால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறான். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. "போறதெண்டால் போ. முதலிலை கொம்மாவிட்டைக் கேட்டுட்டுப் போ" என்றாராம். அம்மாவிடம் கேட்டான். அம்மா குசினி வாசலில் குறுக்கே படுத்துவிட்டாள். தாயைத் தாண்டி எந்தப் பிள்ளை போவான்? அவன் முட்டுக்கு வெட்டிவந்த பனங்குற்றியை வேலியில் சாத்தினான். அது அங்கேயே கிடந்து கறையான் தின்றது.

மார்கழியில், மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலை, காற்றுக்கூட இல்லாத நேரம், வீடு நிலத்தில் இருந்துவிட்டது. விழுந்தது என்று சொல்ல முடியாது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், களைத்த ஆள் நிலத்தில் குந்தி இருப்பது போல. முதலில் வடமேற்கில் ஒரு முனகல். ஆணி அறுந்த சத்தம் வெடிபோலக் கேட்டது. பிறகு நான் முழங்கை உரிந்த அன்று கண்டது போலவே, ஒவ்வொரு சுவரும் தன் தன் பக்கமாக வெளியே சாய்ந்தது. முகடு நேரே கீழே வந்தது. ஓடுகள் சரிந்து சரிந்து முடியவே இல்லை. சுண்ணாம்புப் புழுதி எழும்பி வெயிலை மறைத்தது.

அம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள். முதல் கேட்டது, "தம்பி எங்கை?" அண்ணை கிணற்றடியில் நின்றான். என்னைத் தொட்டுப் பார்த்தாள். அவனைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தப் புழுதியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"பாத்தியளே? உள்ளுக்கை இருந்திருந்தால் மூண்டு பேரும் போயிருப்பம். வீட்டைப் பூட்டினபடியால் தப்பினம். பஞ்சமி வீட்டோடை போயிட்டுது."

மாமாவும் வந்து அதையேதான் சொன்னார். ஊரும் அதையேதான் சொன்னது. கூப்பிட ஆள் கிடைக்காமல் அது வீட்டையே கொண்டுபோய்விட்டது. சுவரை உடைத்ததால்தான் வீடு விழுந்தது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஐயா போன பிறகு முதல்முறையாக அந்த முகத்தில் ஒரு ஆறுதல். வாயை மூடிக்கொண்டேன். என் பயம் ஒன்று முதல்முறையாக மெய்யாகியிருந்தது. அதைக் கேட்க ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் அதைவிட நல்ல விளக்கம் கிடைத்துவிட்டது.

விழுந்த வீட்டை வைத்துக்கொண்டு யாரும் என்னைக் கேட்டு வரவில்லை. அண்ணை எனக்காகத்தான் மலாயாவுக்குப் போனான். ஐயாவோடு வேலை செய்த ஒருவர் அங்கே ரயிலில் ஒரு இடம் பார்த்துக் கொடுத்தார். "நாலு மூலை வீடாக் கட்டுவம், கன்னி மூலை முழுக்க உனக்கு" என்று பகிடி விட்டுவிட்டுப் போனான். மாதம் தவறாமல் கடிதம் வந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் ஒரே கேள்வி: இந்த மாதம் என்ன பயம்? எனக்கு எழுத்து வளம் இல்லை. ஆனாலும் அதற்கு மட்டும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவேன்.

யுத்தம் தொடங்கியது. முதலில் புது வீடு கட்ட ஓடு வருவது நின்றது. பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. அண்ணையின் கடைசிக் கடிதத்துக்கு நான் எழுதிய பதில் எங்கே போனதோ. அதில் நான் எழுதியிருந்த பயம், குசினிக் கூரையில் ஒழுக்கு என்பது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. மலாயாச் சனம் கப்பலில் வருகிறது. மெலிந்து, பல் விழுந்து, ஆள் தெரியாமல் வருகிறது. அவர்களில் ஒருவர் மட்டும் எங்கள் வளவுக்கு வந்தார். யப்பான்காரன் சயாம் பக்கம் ரயில் பாதை போடப் பிடித்துக் கொண்டுபோன ஆட்களோடு அவனைக் கண்டதாகச் சொன்னார். பிறகு காணவில்லை என்றார். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார்.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "பாதை போடப் போனவன் பாதை முடிஞ்ச பிறகு வருவான்" என்றாள். "பஞ்சமியை வீட்டோடை விட்டிட்டம். அவனுக்கு ஒண்டும் வராது."

எட்டுச் சுவரில் ஒன்றுகூட இப்போது நிற்கவில்லை. கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அயலார் வேலி அத்திவாரத்துக்கு எடுத்துப் போனார்கள். கிழக்கு வாசலின் மரநிலை மட்டும், இரண்டு பக்கமும் சுவரில்லாமல், வெறும் வெளியில் தனியே நிற்கிறது. அம்மா ஒவ்வொரு காலையும் அதன் முன்னால் கூட்டி, சாணித் தண்ணி தெளிக்கிறாள். வளவுக்குள் எந்தப் பக்கத்தாலும் நடந்து வரலாம், ஆடுமாடு அப்படித்தான் வருகிறது. ஆனால் அண்ணை வந்தால் அந்த நிலையால்தான் வருவானாம். வாசலால் வருகிறவனுக்குத் தோஷம் இல்லையாம்.

நிலையின் அடியில் கறையான் ஏறியிருக்கிறது. நேற்றுக் குனிந்து பார்த்தேன், விரல் உள்ளே போகிறது. வருகிற மாரிக்கு அது தாங்காது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? காலையில் கிணற்றடியில், துலாவோடு சாய்ந்து நின்றேன். பனை நிற்கிறது. அதன் கீழே பொருத்திப் பார்க்க ஒன்றும் இல்லை. இன்றைக்கு என்ன பயம் என்று யாரும் கேட்கவில்லை.